மே மாதத்தில் குளிர்ந்தால் என்ன அர்த்தம்?

2022 மே இரண்டாம் வாரம் அசானி புயல் ஆந்திரக் கரையை நெருங்கியபோது, பெங்களூரில் பகல் வெப்பம் 25 டிகிரிக்கும் கீழே போனது. மே மாதத்தில் இங்கே 33 டிகிரி சாதாரணம். கோடையில் இப்படிக் குளிர்ந்தால் போதும், "புவி வெப்பமாதல் எங்கே போச்சு?" என்ற கிண்டல் கிளம்பிவிடும். ஆனால் அன்று சரிந்தது பகல் வெப்பம்தான். இரவு வெப்பம் பெரிதாக இறங்கவில்லை. மேகம் பகலில் வெயிலை மறைக்கும், இரவில் தரையின் சூட்டை எளிதில் வெளியே விடாது. டிசம்பர் குளிரின் கதையே வேறு: தெளிந்த வானம், வறண்ட காற்று, விடியலில் நடுக்கம். மே மாதத்தில் வந்தது குளிர்காலமல்ல, புயல் விரித்த குடை.

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதி எப்போதும் குளுகுளுதானே, பூங்கா இருக்கிறதே என்பார்கள். மரநிழல் தெருவைக் காக்கும். ஊரின் போக்கை மாற்றாது. இதே ஊரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி, 2024 ஏப்ரலில் 38.5. அப்படியானால் ஒரு வெயில் நாள் மட்டும் புவி வெப்பமாதலுக்குச் சாட்சியாகுமா? நியாயமான கேள்வி. ஆகாது. அதனால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை முப்பதாண்டுச் சராசரியோடு ஒப்பிடுகிறது. பருவகால முன்னறிவிப்பையும் வட்டார அளவில், நிகழ்தகவாகவே தருகிறது. அடுத்த மே மாதக் குளிரில் மீம் பகிரும் முன், அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலையையும் ஒருமுறை பாருங்கள்.