ஒட்டகத்தின் ஒரு நாள் வழி

தேசப்படம் மிகவும் பொல்லாதது. அகன்றதொரு நாட்டை ஒரு சாண் கடதாசிக்குள் அடக்கி, நகருக்கு நகர் விரற்கடைத் தூரமே என்று நம்மை நம்பவைத்துவிடும். 2024ஆம் ஆண்டு ஐப்பசியில் துருக்கி நாட்டைக் காணப் புறப்படுமுன் நானும் அவ்வாறே ஏமாந்தேன்.

நாங்கள் நால்வர்: நான், என் மனைவி, பதினான்கு வயது மகள், சரித்திர ஆசிரியராயிருந்து இளைப்பாறிய என் தந்தையார். தந்தையாருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் நோயும் உண்டு. அவருடைய நெடுநாளைய ஆசை ஒன்றே. அந்நாட்டின் கிழக்கே 2,134 மீற்றர் உயரமுள்ள நெம்ருத் மலையின் உச்சியில், கொம்மகீன் நாட்டரசனாகிய முதலாம் அந்தியோக்கஸ் கி. மு. முதலாம் நூற்றாண்டிலே தனக்கொரு சமாதி மேடு அமைத்து, தெய்வங்களின் வரிசையில் தன் சிலையையும் இருத்தினான். இன்று அச்சிலைகளின் தலைகள் யாவும் கழன்று உடல்களின் காலடியிலே நிற்கின்றன. அக்காட்சியை வகுப்பில் பல்லாண்டு வருணித்தவர், அதை ஒருமுறை நேரிற் காண விரும்பினார்.

எனவே மேற்கே எபேசு தொடங்கிக் கிழக்கே நெம்ருத் வரை எட்டு நாளில் மோட்டார்ப் பயணம் என்று நான் திட்டம் வகுத்தேன். அதனைக் குலைத்தவள் என் மகள். ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம் என்று அட்டவணை போட்டாள். கப்படோக்கியாவிலிருந்து நெம்ருத் மலைக்கு ஒரு வழிக்கே 500 கிலோமீற்றருக்கு மேல். காரைக் கெய்சேரி நகரில் ஒப்படைக்க வேண்டியிருந்தமையால் போன வழியே மீளவும் வேண்டும். இரண்டு முழு நாட்கள் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

பொழுதும் எங்களுக்குத் துணை செய்யவில்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கே பொழுதுபடும் நாட்டிலே பிறந்த நாம், இலையுதிர் காலத்தில் பகல் சுருங்குவதை எண்ணிப் பார்ப்பதில்லை. துருக்கி முழுவதற்கும் கடிகார நேரம் ஒன்றே. ஆதலின் கிழக்கே செல்லச் செல்ல மாலை முந்துகிறது. ஒக்டோபர் கடைசியில் எபேசுப் பகுதியில் ஆறேகால் மணியளவில் மறையும் சூரியன், கப்படோக்கியாவில் ஐந்தே முக்காலுக்கே மறைந்துவிடுகிறது. மேலும் அங்கே வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்லும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நான், அந்நிய மலைத் தெருவில் இருட்டிலே ஓட்டத் துணியவில்லை.

இதைத் தந்தையாரிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தயங்கினேன். ஈற்றில் அட்டவணையை அவர் கையிற் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "தம்பி, மலையை விட்டுவிடு" என்று மட்டும் சொன்னார். அச்சொல் எனக்கு ஆறுதலாயிருக்கவில்லை.

நாங்கள் சென்ற வழி இது. முதல் நாள் இஸ்மிர் விமான நிலையத்திற் காரைப் பெற்று, ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள செல்சுக் என்னும் சிற்றூரில் தங்கினோம். மறுநாள் முழுவதும் எபேசுவுக்கே. முதியோருடன் செல்வோர் மேல் வாயிலால் நுழைந்து கீழ் வாயிலால் வெளியேறுவது நன்று; பளிங்கு வீதி இறக்கமாகவே செல்லும். செல்சஸ் நூலகத்தின் முன் தந்தையார் நெடுநேரம் நின்றார். இரண்டாம் நூற்றாண்டில் ஒரு மகன் தன் தந்தையின் நினைவாகக் கட்டியது அது. தந்தையின் கல்லறையும் உள்ளேதான். ஒருகாலத்தில் இந்நகர் பெருந்துறைமுகம். ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட, கடல் பல கிலோமீற்றர் விலகிப் போயிற்று.

மூன்றாம் நாள் 190 கிலோமீற்றர் ஓடிப் பமுக்கலே சேர்ந்தோம். பஞ்சுக் கோட்டை என்பது பெயரின் பொருள். வெந்நீரூற்றுக்களிலிருந்து வழியும் சுண்ணச் சத்து படிந்து படிந்து மலைச்சரிவு முழுவதும் வெண்படிகளாகியிருக்கின்றது. பாதரட்சைகளைக் கழற்றிவிட்டே அதன்மேல் நடக்கலாம். தெற்கு வாயில் மேட்டிலேயே இருப்பதால் தந்தையார் ஏறவேண்டிய அவசியம் நேரவில்லை. இளஞ்சூட்டு நீரில் முழங்காலை நனைத்தபடி மாலை வெயிலை அனுபவித்தார்.

நான்காம் நாள்தான் நெடிய நாள். கொன்யா வரை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். படம் ஐந்து மணித்தியாலம் என்றது. நான் ஏழு என்று கணக்கிட்டேன். நடுவழியில் எகிர்திர் ஏரிக்கரையில் மதிய போசனம். அப்பகுதி ஆப்பிளுக்குப் பெயர்பெற்றது. ஏரியோரத்து நெட்டிலிங்கம் போன்ற பொப்லார் மரங்கள் பொன்னிறமாய் நின்றன. பொழுதிருக்கவே கொன்யாவை அடைந்து, மறுநாட் காலை, 1273இல் மறைந்த ஞானி ஜலாலுத்தீன் ரூமியின் அடக்கத் தலத்தைத் தரிசித்தோம்.

அன்று மீதமிருந்த தூரம் ஏறக்குறைய 230 கிலோமீற்றர். மரமற்ற சமவெளியை ஊடறுத்துச் செல்லும் நேரான தெரு. அதன் நடுவே சுல்தான்ஹான் என்னும் ஊரில், 1229இல் செல்ஜுக் சுல்தான் அலாவுத்தீன் கைக்குபாத் கட்டிய பெரிய கற்சத்திரம் நிற்கின்றது. சித்திர வேலைப்பாடு மிக்க வாயில், முற்றத்தின் நடுவே சிறு பள்ளிவாசல், பின்னே பனிக்காலத்தில் ஒதுங்குவதற்கான தூண் மண்டபம். இத்தகைய சத்திரங்களை வணிகப் பாதைகளில் முப்பது நாற்பது கிலோமீற்றருக்கு ஒன்றாக அமைத்தார்கள். அது சுமையேற்றிய ஒட்டகம் ஒரு பகலில் நடக்கும் தூரம்.

தந்தையார் தூணிற் சாய்ந்து அமர்ந்து, "இதைக் கட்டினவன் முதலில் ஒட்டகத்தைக் கேட்டிருக்கிறான். நீ என் முழங்காலைக் கேட்டாய், இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லிச் சிரித்தார். பல நாட்களாக என் நெஞ்சிலிருந்த பாரம் அப்பொழுதுதான் இறங்கிற்று.

கப்படோக்கியாவில் இரண்டு முழு நாட்கள் தங்கினோம். பண்டை எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி மென்கல்லாகி, மழையும் காற்றும் அரித்துக் கூம்பு கூம்பாய் நிற்கும் நிலம் அது. அக்கற்களைக் குடைந்து மனிதர் வீடும் தேவாலயமும் அமைத்திருக்கிறார்கள். விடியலில் வெப்பவாயுக் கூண்டுகள் வானில் எழும் காட்சி பிரசித்தமானது. முதல் நாட் காலை காற்று மிகுந்தமையால் ஒன்றேனும் எழவில்லை. மறுநாள் வானம் நிறைய எழுந்தன. கைவசம் ஒரு காலை மிஞ்சியிருந்ததாற் கண்டோம்.

இலையுதிர் காலத்தில் இவ்வழி செல்லக் கருதும் அன்பர்களுக்கு என் சிறு அனுபவம் இதுவே: படம் காட்டும் நேரத்துடன் மூன்றிலொரு பங்கைக் கூட்டுங்கள், பொழுதுபட ஒரு மணித்தியாலம் முன்னரே விடுதியை அடையுங்கள், நெடுந்தூரம் ஓடும் நாளில் வேறு காட்சி எதனையும் சேர்க்காதீர்கள், கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரை முதலிற் கேட்டுத் திட்டமிடுங்கள்.

கடைசி இரவு, பழைய அட்டவணையின் பின்புறத்திலே தந்தையார் பேத்திக்குப் படம் வரைந்து கொண்டிருந்தார். கப்படோக்கியாவிலிருந்து நெம்ருத் வரை ஒரு கோடு. அதன்மேல் முப்பத்தைந்து கிலோமீற்றருக்கு ஒரு சத்திரமாகப் புள்ளிகள். "எத்தனை இரவு, எண்ணு பார்ப்போம்" என்றார். அவள் எண்ணி, "பதினைந்து, அப்பப்பா" என்றாள். "நான் ஒரே நாளிற் போக நினைத்தேன்" என்று சொல்லி, கோட்டின் முடிவில் அந்தியோக்கஸ் என்று அழகிய கையெழுத்தில் எழுதி, கடதாசியை மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் கடவுச்சீட்டினுள் வைத்துக்கொண்டாள்.