கிளம்பாத வண்டி

நுழையும்முன்

கோளாறு நேர்ந்தவுடன் எதையேனும் மாற்றிப் பார்ப்பது ஒரு வழி. காரணத்தைத் தேடிச் செல்வது மற்றொரு வழி. முன்னது எளிது, பின்னதற்குப் பொறுமை வேண்டும். மலைப்பாதையில் காய்கறி ஏற்றிச் செல்லும் டீசல் வேன் ஒன்று கிளம்ப மறுக்கும்போது, அதன் பழுது எவ்வாறு வரிசையாகத் தேடிக் கண்டறியப்படுகிறது என்பதைக் காட்டுகிறது இக்கட்டுரை.

மலையில் ஒரு விடியல்

நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மலையிறங்கி மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு வருகின்றன. மார்கழி, தை மாதங்களில் உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அத்தகைய விடியற்காலையில் மூட்டைகளை ஏற்றி முடித்த ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார், வண்டி கிளம்பவில்லை. மண்டியில் விற்பனை யாருக்காகவும் காத்திராது. சுமை தாமதமானால் விலை இறங்கும். விலை இறங்கினால் உழவரின் உழைப்பும் வண்டிக்காரரின் மாதத் தவணையும் ஒருசேர ஆட்டம் காணும். “அண்ணே, பேட்டரியை மாற்றிவிடுங்கள், நேரமாகிறது” என்று பட்டறைக்காரரிடம் ஓட்டுநர் வேண்டுவது இயல்பே. அந்த அவசரத்தில்தான் பொருளிழப்பு தொடங்குகிறது.

அனுபவம் முதிர்ந்த பட்டறைக்காரர் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. “நேற்று மாலை எப்படி ஓடியது? சாவியைத் திருப்பியபோது என்ன ஓசை கேட்டது? புகை வந்ததா?” என்று கேட்கிறார். அருகில் நிற்கும் தொழில் பழகும் இளைஞனுக்கு அக்கேள்விகள் நேரத்தை வீணாக்குவனவாகத் தோன்றலாம். உண்மையில், வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

தீப்பொறி வேண்டாத எந்திரம்

பெட்ரோல் எந்திரத்தில் மின்பொறி ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எந்திரத்துக்கு அப்பொறி இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 15 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பலரும் உணர்ந்திருப்பர். அதே இயல்பினால், அழுத்தப்பட்ட காற்று கடும் வெப்பம் அடைகிறது. அவ்வெப்பத்தில் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே, டீசல் வண்டி கிளம்புவதற்கு மூன்று தேவைகள் உள்ளன. எந்திரம் போதிய வேகத்தில் சுழல வேண்டும். எரிபொருள் உரிய அழுத்தத்துடன் உருளையை அடைய வேண்டும். அதைப் பற்றவைக்கும் வெப்பம் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் இம்மூன்றையும் இதே வரிசையில் ஆராய்கிறார்.

முதற்கேள்வி: சுழல்கிறதா?

சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்ற ஓசையோடு எல்லாம் அடங்கிவிட்டால், தொடக்க மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் செல்லவில்லை என்று முதலில் ஐயுற வேண்டும். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்பது இதற்கான பட்டறை வழக்கு. முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பினால் மேலும் ஓர் உண்மை விளங்கும். விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது இணைப்பு கெட்டிருக்கலாம். விளக்கு சற்றும் மங்காமல் எரிய, எந்திரம் அசையாது இருந்தால் மோட்டாரிலோ அதற்கு ஆணை செலுத்தும் மின்சுற்றிலோ குறை இருக்கக்கூடும்.

முழுமையாக மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எந்திரத்தைச் சுழற்றும்போது அது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழிறங்கினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்பாகப் பேட்டரியின் முனைகளைப் பார்க்க வேண்டும். அங்கே பூத்திருக்கும் வெண்ணிறப் படிவு மின்னோட்டத்துக்குத் தடையாகும். இணைப்பைக் கழற்றி, வெந்நீரும் தூரிகையும் கொண்டு துலக்கி, மீண்டும் இறுக்கினால் தீரக்கூடிய குறைக்காகப் புதிய பேட்டரி வாங்கியோர் பலர்.

சுழற்சியை முதலில் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. குளிரில் பேட்டரியின் ஆற்றல் குறையும். எந்திர எண்ணெய் தடித்துப் பிஸ்டனின் அசைவைத் தடுக்கும். எந்திரம் மெல்லச் சுழன்றால், அழுத்தப்படும் காற்று பிஸ்டனின் ஓரங்களில் கசியும். அதன் வெப்பத்தை உருளையின் குளிர்ந்த சுவர்கள் உறிஞ்சிவிடும். சுழற்சியின் குறையே வெப்பத்தின் குறையாக மாறுவேடம் பூண்டு வரும். முதற்கேள்விக்கு விடை காணாமல் மூன்றாவதற்குத் தாவினால் ஏமாற்றமே எஞ்சும்.

இரண்டாம் கேள்வி: எரிபொருள் வருகிறதா?

எந்திரம் நன்றாகச் சுழன்றும் கிளம்பாவிடில், பட்டறைக்காரர் வண்டியின் பின்புறம் சென்று புகைக்குழாயை நோக்குகிறார். புகையே இல்லையெனில் எரிபொருள் உருளையை அடையவில்லை என்று கொள்ளலாம். டீசல் மணத்துடன் வெண்புகை எழுந்தால், எரிபொருள் வந்தும் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். தேட வேண்டிய திசையை ஒரே பார்வை பாதியாகக் குறைத்துவிடுகிறது.

எரிபொருள் வராமைக்குக் காரணங்கள் பல. வடிகட்டி அடைத்திருக்கலாம், அதன் அடியில் நீர் தேங்கியிருக்கலாம், பம்பில் டீசலைத் திறந்துவிடும் மின்காந்த அடைப்பான் இயங்காதிருக்கலாம். டீசல் தீரும்வரை வண்டியை ஓட்டியதாலோ குழாயின் நுண்ணிய கசிவாலோ காற்றும் புகுந்திருக்கலாம். இதனைப் பட்டறையில் ‘ஏர் லாக்’ என்பர். டீசல் எளிதில் அழுந்தாது, காற்று அழுந்தும். குழாயில் காற்று நின்றால், பம்ப் தரும் அழுத்தத்தை அக்காற்றே விழுங்கிவிடும், நாசில் திறக்காது. வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அழுத்தித் திருகை இறுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. புதிய வகை எந்திரங்கள் சிலவற்றின் குழாய்களில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேற்படும். அது தோலைத் துளைக்க வல்லது. பழைய வண்டியில் செய்தது போல அவற்றின் குழாய்களைத் தளர்த்திப் பார்க்கக் கூடாது.

மூன்றாம் கேள்வி: வெப்பம் உண்டா?

வெண்புகை வருகிறது, எந்திரம் மட்டும் பற்றவில்லை. அப்போது ஐயம் ‘ஹீட்டர் பிளக்’ மீது செல்கிறது. பல சிறு டீசல் எந்திரங்களில் உருளைக்கு ஒன்றாக அமைந்து, கிளம்புவதற்கு முன் சில நொடிகள் உட்புறத்தைச் சூடேற்றும் பகுதி அது. மின்தடையை அளந்தால், உள்ளே கம்பி அறுந்த பிளக் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நண்பகலில் எளிதாகவும் விடியலில் அரிதாகவும் கிளம்பும் வண்டியில் முதலில் காண வேண்டியது இதுவே. பிளக்குகள் யாவும் நன்றாக இருந்தால், இறுதியாக உருளையின் அழுத்தத்தை அளந்து தேய்மானத்தை அறியலாம். பெருஞ்செலவு வைக்கும் ஐயம் வரிசையின் கடைசியில்தான் வர வேண்டும்.

கேள்விக்குக் கூலி உண்டா?

புதிய பேட்டரியை மாட்டியவருக்கு அதைக் காட்டிப் பணம் கேட்க முடிகிறது. முனையைத் துலக்கி ஐந்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்பியவர் எதைக் காட்டுவார்? “இவ்வளவுதானா?” என்று ஓட்டுநர் தயங்குகிறார். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னே பல்லாண்டுப் பயிற்சி இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தேவையற்ற பொருளை விற்காத நேர்மைக்கு உரிய கூலியைச் சமூகம் தர மறுத்தால், நாளடைவில் பொருளை மாற்றுவோரே பட்டறைகளில் மிஞ்சுவர். தொழில் பழகும் இளைஞனும் அதையே கற்றுக்கொள்வான்.

இந்த எந்திரத்தை உருவாக்கிய ருடால்ஃப் டீசலும் கிளம்பாத எந்திரத்தின் முன் நின்றவரே. ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் 1893ஆம் ஆண்டு சோதிக்கப்பட்ட அவரது முதல் எந்திரம் தன் ஆற்றலால் ஓடவில்லை. 1894இல் ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடியது. ஒவ்வொரு சோதனையின் குறையையும் ஆராய்ந்து திருத்திய பின்னர், 1897இல்தான் அது வெற்றியுடன் இயங்கியது. கண்டுபிடித்தவருக்கே நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன எனில், பழுதுபார்ப்பவர் கேட்கும் சில நிமிடங்களை வழங்குவதில் ஓட்டுநருக்கு நட்டமில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றுக்குச் சென்று, பழுதைக் கண்டறிய அங்குள்ளோர் கேட்கும் கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதுக.

2. ‘பொருளுக்கு விலை உண்டு, அறிவுக்கும் விலை உண்டா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.