ஜீப்புக்கு எதுக்கு தும்பிக்கை?

எங்கள் ஜீப்புக்கு ஒரு தும்பிக்கை வைக்க வேண்டும் என்பது என் இரண்டு வருட ஆசை.

'ஸ்நார்க்கல்' என்பார்கள். பானெட் பக்கவாட்டில் கிளம்பி, முன் கண்ணாடி ஓரமாக ஏறி, கூரை உயரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கறுப்புக் குழாய். அது இருந்தால் தாம்பரம் சிக்னலில் நின்றால்கூட ஏதோ அமேசான் காட்டிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும்!

விலை விசாரித்தேன். தீபாவளி போனஸில் முக்கால்வாசி. மனைவி தன் கருத்தை இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "வாஷிங் மெஷின்."

"கொழுக்குமலை போயிட்டு வந்து முடிவு பண்ணலாம் மாப்ளே" என்றான் ஆபீஸ் நண்பன். ஜீப்பில் பாதிப் பங்கு அவனுடையது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் வண்டி. டர்போ கிடையாது.

போடிநாயக்கனூர் தாண்டி, போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு ஏறுவதற்குள் வண்டி கறுப்புப் புகை கக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த பைக்காரர் எங்களை ஓவர்டேக் பண்ணும்போது பார்த்த பார்வையை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பூப்பாறை வழியாக சூரியநெல்லி. அங்கே நம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏற வேண்டும். சூரிய உதயம் பார்க்க, விடியுமுன் கிளம்பினோம். சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ரோடு என்று ஒன்று இருப்பதாக டிரைவர் சொன்னார். நம்பினோம். ஆட்டுக்கல் சைஸ் பாறைகள் மேல் வண்டி ஏறி இறங்க, என் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

வரிசையாக ஏறிய ஜீப்புகளைப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தும்பிக்கை இல்லை!

"ஏண்ணே, யாருமே ஸ்நார்க்கல் வெக்கலியா?"

"அது ஆத்துல இறங்குற வண்டிக்கு சார். இங்க ஆறு எங்க இருக்கு? கல்லுதான் இருக்கு. கல்லு இஞ்சினுக்குள்ள போகாது."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மேலே போனதும் மேகத்துக்கு மேல் சூரியன், கீழே தேனி மாவட்டம், கையில் தேயிலைத் தொழிற்சாலையின் சூடான டீ. நான் மட்டும் பி.காம். புத்தியோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டிக்குக் காற்று போகிற வழியை மாற்றுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நம் எதிரி யார்? தண்ணீரா, தூசியா, உயரமா?

தண்ணீர் என்றால் ஸ்நார்க்கல். இஞ்சின் காற்றை இழுத்து நசுக்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் என் சித்தப்பா மகன் முங்கிக் கிடந்த காரில் "ஒரே ஒரு தடவைதான் செல்ஃப் அடிச்சேன்" என்றான். இஞ்சின் பில் ஒரே ஒரு தடவையோடு முடியவில்லை! ஆனால் ஸ்நார்க்கலின் இணைப்புகள் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டை ஸ்ட்ரா. ஆக்ஸில், கியர்பாக்ஸ் இவற்றின் மூச்சுக் குழாய்களையும் உயர்த்த வேண்டும். வயரிங் நீச்சல் கற்றுக்கொள்ளாது.

தூசி என்றால் ஃபில்டர். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்கு மேலே வாய் இருந்தால் கொஞ்சம் லாபம். காற்றைச் சுழற்றித் தூசியை வெளியே தள்ளும் பிரீ-கிளீனரும் நல்லதுதான். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் காற்று சுலபமாகப் போகும். கூடவே நுண்தூசியும் போகக்கூடும். எண்ணெய் அதிகமானால் புது வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகும். பானெட்டுக்குள் திறந்தபடி வைக்கிற கூம்பு ஃபில்டர் இஞ்சினின் சூடான காற்றையே இழுக்கும். சூடான காற்று லேசானது, சக்தி குறையும். சத்தம் மட்டும் பிரமாதமாக இருக்கும்!

உயரம் என்றால்? நாங்கள் நின்றது ஏறத்தாழ 8,000 அடி. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். எந்தக் குழாயும் இல்லாத காற்றை உற்பத்தி பண்ணாது. டர்போ ஓரளவு ஈடுகட்டும். அது இல்லாதவர்களுக்கு லோ கியரும் பொறுமையும்.

டிரைவர் பானெட்டைத் திறந்தார். ஃபில்டரைக் கழற்றி, கைக்குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினார்.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாத்துருவேன் சார். ஏர் அடிச்சா உள்ளேருந்து வெளியே அடிக்கணும், மெதுவா. ஓவரா அடிச்சா பேப்பர் கிழிஞ்சிரும். உங்க வண்டில எப்ப கழட்டுனீங்க?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் சூரியனைப் பார்த்தேன்.

சூரியநெல்லிக்கு இறங்கியதும் முதல் வேலையாக எங்கள் ஜீப்பின் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். காகிதம் செம்மண் நிறம். அதுகூடப் பரவாயில்லை. ஓர ரப்பர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, இஞ்சினுக்குப் போகும் சுத்தமான பக்கத்தில் மெல்லிசாக ஒரு தூசிக்கோடு! தும்பிக்கைக் கனவில் நான் இருந்த இரண்டு வருடமும் இஞ்சின் மண் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

தேனியில் புது ஃபில்டரும் இரண்டு கிளாம்ப்பும் வாங்கினோம். ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுகிற செலவுதான். திரும்பும் வழியில் புகை நன்றாகவே குறைந்திருந்தது.

நிஜமாகவே ஆறு கடக்கிறவர் ஸ்நார்க்கல் வாங்கட்டும். வாங்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்கட்டும். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற தாம்பரம் சிக்னல் கேஸ்களுக்கு சுத்தமான ஃபில்டர் போதும்.

வாஷிங் மெஷின் வந்துவிட்டது. அதிலும் ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். அடிக்கடி கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டுமாம்.

"அதுலதான் நீங்க எக்ஸ்பர்ட் ஆச்சே!" என்கிறாள் மனைவி.