யாருடைய பத்தாயிரம்?

20.08.2025, புதன்

பாஸ் புத்தகத்தை இன்றைக்குத்தான் அடித்து எடுத்தேன். நாலு மாதமாக அடிக்கவில்லை. காசு எடுப்பது வீட்டுக்காரர்தான். தோணியைக் கட்டிவிட்டு வரும் வழியில் மெசினில் பத்தாயிரம் எடுத்துக்கொண்டு வருவார், நானும் ஒன்றும் கேட்பதில்லை. புத்தகத்தைப் பார்த்தால் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மாற்றுத்திறனாளியான மகனுடைய கொடுப்பனவு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. பத்தாயிரம், அதற்குக் கீழே அதே நாளில் இன்னொரு பத்தாயிரம். எடுக்காமல் கிடப்பது முப்பதாயிரத்துச் சொச்சம்.

வங்கி வாசலில் நின்று மூன்று தரம் பார்த்தேன். சந்தோசம் வரவில்லை. வயிறுதான் கலங்கியது.

அஸ்வெசும நலன்புரிக் காசு மாறி விழுந்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். எங்களுக்கு அதுவும் மாதம் பத்தாயிரம்தான். ஆனால் அது அவருடைய பெயரில் வேறு வங்கியில். அந்தப் புத்தகத்தையும் அடித்துப் பார்த்தோம், அங்கே எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. நிலுவைக் காசாக இருக்குமோ? 2023 ஆடியில் அஸ்வெசும தொடங்கியபோது இப்படியான பிள்ளைகளுக்கு 5,000. மறுவருடம் 7,500. இந்த வருடம் சித்திரையிலிருந்து 10,000. கூடினது 2,500தான். நாலு மாத நிலுவை என்றாலும் ஒரு பத்தாயிரம் வரும், அதுவும் ஒரு தடவைதான் வரும். மூன்று மாதம் முழுசு முழுசாக வருவதற்கு எந்தக் கணக்கும் பொருந்தவில்லை.

22.08.2025, வெள்ளி, இரவு

மாமி சொல்கிறா: "தெரியாத மாதிரி இரி மனே. நாமளாப் போய் அங்க பேரக் குடுக்காத."

அவர் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வலை பழசாகிவிட்டது என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னது ஆசை அல்ல, உள்ள நிலைமை. இந்த மாதம் வாவியில் இறால் பட்டதே குறைவு.

எனக்கும் ஆசை இருந்தது, அதை இங்கே எழுதத்தான் வேண்டும். மகனுக்கு இப்போது ஒன்பது வயது. சக்கர நாற்காலி ஐந்து வயதில் கிடைத்தது. கால் நீண்டுவிட்டது, முழங்கால் முன்கம்பியில் இடிக்கிறது. கழுத்து ஒரு பக்கம் சரிகிறது, பழைய சேலையைச் சுருட்டி அணை கொடுக்கிறேன். முப்பதாயிரத்தோடு கொஞ்சம் சேர்த்தால் தலைக்குத் தாங்கு வைத்த நாற்காலி ஒன்றுக்கு முற்பணம் கட்டலாம். படுத்துக்கொண்டே இதைக் கணக்குப் போட்டேன்.

பிறகுதான் அந்தப் பட்டியல் நினைவுக்கு வந்தது. மகனுக்கு முதலில் பதிந்தபோது காசு உடனே கிடைக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். இருக்கிற ஒருவர் விலகினால்தான் அடுத்தவர் உள்ளே வரலாம் என்றார்கள். யாராவது செத்தால்தான் என் பிள்ளைக்குக் காசு என்று விளங்கிய அந்த நாளில் கிளினிக் வாங்கில் இருந்து அழுதேன். இப்போது என் புத்தகத்தில் கூடுதலாகக் கிடக்கிற பத்தாயிரம் எந்தப் பிள்ளையுடைய இடத்திலிருந்து வந்தது?

25.08.2025, திங்கள்

கொடுப்பனவு அலுவலகத்துக்குப் போனேன். மகனை மாமியிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில். பதினொரு மணிக்கு என் முறை வந்தது.

முதல் மேசையில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். கணினியைத் தட்டிப் பார்த்தாள். "எங்கட பதிவில மாதம் பத்தாயிரம்தான் அக்கா. மற்றது எங்கட காசு இல்ல." பாஸ் புத்தகத்தைக் காட்டினேன். பார்த்தாள், திரும்பவும் கணினியைப் பார்த்தாள். வங்கியில் கேட்கச் சொன்னாள்.

வங்கியில், மேலே இருந்து வருகிற பட்டியல்படிதான் நாங்கள் போடுகிறோம், அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். திரும்பி வந்தேன். இரண்டாம் மேசையில் இருந்தவர், "கிடைச்சதை எடுத்துச் செலவழியுங்க. கேட்டா அப்பப் பாப்பம்" என்றார்.

எழுதித் தாருங்கள் என்றேன். சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் வழியெல்லாம் உறுத்தியது. கேட்கிற நாளில் அவர் அந்த மேசையில் இருப்பாரா? இடமாற்றத்தில் போய்விடுவார். புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கும்.

28.08.2025, வியாழன்

லண்டன் மச்சாள் எடுத்தா. அவவுடைய கடைசி மகனுக்கு ஓட்டிசம். நான் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "ஒரு சதமும் தொடாத. தொட்டா ஊர் பாத்துக்கொண்டு நிக்கும்."

அங்கே பராமரிப்போருக்கு ஒரு கொடுப்பனவு உண்டாம். போன வருடம் கிழமைக்கு 81 பவுண் 90 பென்ஸ். ஆனால் அப்போது வேலை செய்து கிழமைக்கு 151 பவுணுக்கு மேல் உழைக்கக்கூடாதாம். ஒரு பென்ஸ் கூடினாலும் அந்தக் கிழமைக் காசு முழுவதும் போகும். சனங்கள் கடையில் ஒரு மணித்தியாலம் கூட நின்றதற்கு, வருடக்கணக்கான காசைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்திருக்கிறது. 2024இல் பத்திரிகைகள் அதைத் தோண்டி எடுத்தன. அரசாங்கத்துக்குக் கடன்காரராக நின்றவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல், தொகை 25 கோடிப் பவுணுக்கும் மேல். சிலரை நீதிமன்றம் வரை இழுத்திருக்கிறார்கள். இதில் எனக்கு ஆறாதது ஒன்று: உழைப்புக் கூடியதை அவர்களுடைய கணினியே அந்தந்த நேரத்தில் காட்டியிருக்கிறது. அப்படி வந்த எச்சரிக்கைகளில் பாதியளவைத்தான் பார்த்தார்களாம். மற்றதைப் பாராமல் விட்டு, காசு பெருகின பிறகு தாய்மாரைப் பிடித்தார்கள்.

பணக்கார நாட்டிலேயே அப்படி. மச்சாள் சொன்ன ஒரு வசனத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்: "பிழை அவங்கட, கடன் நம்மட."

02.09.2025, செவ்வாய்

கச்சேரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியப்பாவிடம் போனோம். வாசலில் நெத்தலி காயப்போட்டிருந்தார், காகம் துரத்திக்கொண்டே பேசினார்.

தவறுதலாகக் கொடுத்த காசைக் கொடுத்தவன் திரும்பக் கேட்கலாம், ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டத்திலேயே அது இருக்கிறது என்றார். தெரியாமல் எடுத்தோம் என்று சொல்லலாம்தான், ஆனால் நான் பாஸ் புத்தகம் அடித்த நாளோடு அந்தத் தெரியாமை முடிந்துவிட்டது. "இனி நீ வாயால கதைக்காத புள்ள. வாயால கதைச்சது காத்தோட போகும். எழுது."

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அவர்தான் விளங்கப்படுத்தினார். விண்ணப்பத்துக்குக் காசு இல்லை. தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக்கூடாது. வாங்கினதற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும். தருவதா இல்லையா என்பதைப் பதினாலு வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

இரவு விளக்கு வைத்த பிறகு எழுதினேன். கிழித்துக் கிழித்து நாலாம் தாளில் சரி வந்தது:

"எனது மகனின் கொடுப்பனவுக் கணக்கில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தலா ரூபா 10,000 மேலதிகமாக வரவாகியுள்ளது. மொத்தம் ரூபா 30,000. இத்தொகையை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். இது எந்தப் பட்டியலின் கீழ் வந்தது, என்ன காரணத்தால் வந்தது, வேறு பயனாளி ஒருவருக்குரிய பணமா என்பதை எழுத்தில் அறியத் தரவும்."

"எடுக்கவும் மாட்டேன்" என்பதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. நாற்காலி போனது போனதுதான்.

03.09.2025, புதன்

கொடுத்தேன். சீல் அடித்த பிரதி கையில். அதே மேசைக்காரர் இன்றைக்குச் சிரிக்கவில்லை.

06.09.2025, சனி

ஆயித்தியமலை மாதாவிடம் போகிற சனங்களுக்குத் தண்ணீர் கொடுக்க நின்றேன். மகன் பழைய நாற்காலியில் என் பக்கத்தில். செபமாலை சொல்லிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் அவனுக்குச் சந்தோசம், கை இரண்டையும் தூக்கிச் சத்தம் போடுவான்.

படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தாய் அவனுக்குப் பக்கத்தில் இருந்தா. அவவுக்கும் இப்படி ஒரு மகள். கதையோடு கதையாகச் சொன்னா, ஆனி மாதத்திலிருந்து பிள்ளையின் காசு வரவில்லையாம். போய்க் கேட்டாவாம், வரும் வரும் என்றார்களாம். பஸ் காசுக்கு வழியில்லை, பிறகு போகவில்லை.

ஆனியிலிருந்து! எனக்குத் தண்ணீர்க் கோப்பை கையில் நடுங்கியது. அவவுடைய காசுதான் என்னிடம் கிடக்கிறது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. அவவுடைய பகுதி வேறு, அலுவலகம் வேறு. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவ என்னைக் கோபிக்கவில்லை, "நீங்களாவது சொன்னீங்களே" என்றா. என் கடிதத்தைப் பார்த்து அவவுக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வைக்கும்போது பிள்ளையின் முழுப்பெயரையும் மெதுவாக, அழகாக எழுதினா.

09.09.2025, செவ்வாய்

சத்துருக்கொண்டானில் படுகொலை செய்யப்பட்டவர்களுக்கு விளக்கு ஏற்றிவிட்டு வந்தோம். முப்பத்தைந்து வருடம். 184 பேர். மாமியின் அக்காவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அதில்.

வரும் வழியில் ஓட்டோவில் மாமி தானாகவே கதைத்தா. செத்தவர்களுடைய சொந்தக்காரரும் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள்தானாம், ஆணைக்குழுவுக்கு, கச்சேரிக்கு, கேட்ட இடமெல்லாம். "எழுதி என்னத்தக் கண்டம் மனே." பேரைக் கொடுக்காதே என்று அன்றைக்கு அவ ஏன் சொன்னா என்பது அப்போதுதான் விளங்கியது. நான் அதைப் பயம் என்று நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ குடுத்தது சரிதான்" என்றா. இறங்கும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா.

24.09.2025, புதன்

பதில் வந்தது. சரியாகப் பதினாலாவது வேலை நாள். (மீலாத் விடுமுறையைக் கழித்து எண்ணினேன்.) ஐந்து வரி. ரூபா 30,000 மேலதிகக் கொடுப்பனவு என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்துவரும் மூன்று மாதக் கொடுப்பனவுகளை நிறுத்தி அது அறவிடப்படும். காரணம் பற்றி ஒரு சொல் இல்லை. வேறு பயனாளி பற்றியும் இல்லை.

எங்களிடம் காசு அப்படியே இருக்கிறது, நாங்கள் தாங்குவோம். பாஸ் புத்தகம் அடிக்காமல், வந்ததை எடுத்துச் செலவழித்த ஒரு தாய்க்கு இந்தக் கடிதம் போனால்? மூன்று மாதம் பம்பஸுக்கும், பிசியோவுக்குப் போகிற ஓட்டோவுக்கும், ஆஸ்பத்திரியில் முடிந்துபோகிற வலிப்பு மருந்துக்கும் அவ எங்கே போவா? பிழை விட்டவர்கள் மாதம் மாதம் மூன்று தடவை விட்டார்கள். அறவிடும்போது மாதக்காசை முழுசாகவே நிறுத்துகிறார்கள். குறைந்தபட்சம் கேட்டிருக்கலாம், எப்படித் தருவாய் என்று.

29.09.2025, திங்கள்

மாதக்காசை நிறுத்தவேண்டாம், இதோ முழுத்தொகை என்று கொண்டுபோய்க் கட்டினேன். முதலில் வாங்க மறுத்தார்கள், அப்படி நடைமுறை இல்லையாம். அவர்களுடைய கடிதத்தையே காட்டி இரண்டு மணித்தியாலம் நின்றேன். கடைசியில் பெரியவர் ஒருவர் வந்து வாசித்துவிட்டு, வாங்குங்கள் என்றார். பற்றுச்சீட்டு தந்தார்கள். மகனுடைய கிளினிக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கிற பைலில் வைத்திருக்கிறேன்.

படுவான்கரைத் தாய்க்கு இன்னும் பதில் இல்லை. நாளை அவவோடு நானும் போகிறேன்.

மேன்முறையீட்டுக்கு நாள் இருக்கிறது. காசைக் கட்டியாயிற்று, இனி எதற்கு என்று அவர் கேட்டார். காரணம் இன்னும் வரவில்லையே என்றேன். மகன் சேலை அணையில் தலை சாய்த்து என் பேனையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். குறித்தளிக்கப்பட்ட அலுவலர் அவர்களுக்கு என்று தொடங்கியிருக்கிறேன்.