ஒற்றை எஞ்சின் படகின் இடப்பக்கம்

திண்டிவனத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் மரக்காணம்தான். கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர்; உப்பளம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது. விழுப்புரத்துக்காரர்கள் பாதிப்பேர் புதுச்சேரிக்குப் போய்விடுவார்கள். இந்த இரண்டு கரைகளையும் மாறி மாறிப் பார்த்தால், ஒரே ஒரு எஞ்சினை நம்பியிருக்கும் படகுகளின் குணம் பிடிபடும்.

மரக்காணத்துக் குப்பங்களில் மணலில் கிடப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமாக வந்தவை இவைதான். பின்னால் ஒரு சின்ன டீசல் எஞ்சின், அதிலிருந்து சாய்வாக நீளும் கம்பி, அதன் நுனியில் புரொப்பெல்லர். அலையைத் தாண்டிக் கரையேறும்போது அந்த வாலை அப்படியே தூக்கிவிடலாம். துறைமுகம் இல்லாத கரைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. சென்னையை இருப்பிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்கக்கடல் திட்டத்தார், கரையேறும் படகுகளை வடிவமைத்தபோது மெனக்கெட்டதும் புரொப்பெல்லரைத் தூக்க வழி செய்வதற்காகத்தான்.

வேகம் கொடுத்ததும் அந்த வால் நேராக இருக்காது, ஒரு பக்கமாக நழுவப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்கையில் கடிகாரமுள் போலச் சுற்றும் புரொப்பெல்லர் என்றால் வலப்பக்கம் நழுவும். நீர்மட்டத்தை ஒட்டிச் சுற்றுவதால் மேல் இதழ் காற்றையும் நுரையையும் அள்ளுகிறது. கீழ் இதழுக்குத்தான் காற்று கலக்காத தண்ணீர் அகப்படுகிறது. தரையில் உருளும் சக்கரம் மாதிரி அது பக்கவாட்டில் ஓடப் பார்க்கிறது. பிடியை எப்போதும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் அழுத்தியே ஓட்ட வேண்டியிருக்கிறது. புதிதாகப் பிடிப்பவருக்கு மணிக்கட்டு வலிக்கும். பழகியவரைக் கேட்டால், அப்படி அழுத்துவதே தெரியாது என்பார்.

ஆழத்தில் தண்ணீர் அடர்த்தி அதிகம், அதனால்தான் இந்த இழுப்பு என்று சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அடர்த்தி சொல்லும்படி கூடிவிடுவதில்லை. கம்பி சாய்வாக இருப்பதால், கீழிறங்கும் இதழ் தண்ணீரை அதிகக் கோணத்தில் வெட்டி அதிகம் தள்ளுகிறது. புரொப்பெல்லர் நன்றாக முழுகியிருக்கும்போதும் இழுப்பு இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

முன்னால் ஓடும்போது இதெல்லாம் சின்னத் தொல்லை. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும் விசைப்படகுகளிடையே ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் விஷயம் முற்றுகிறது. முன்னால் போகையில் புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் நேரே சுக்கான் மீது மோதும். சுக்கானும் சொன்னபடி கேட்கும். ரிவர்ஸில் அந்தத் தண்ணீர் முன்பக்கம் போய்விடுவதால் சுக்கானுக்கு வேலையில்லை. முன்னால் போகையில் வலமாகச் சுற்றும் புரொப்பெல்லர் என்றால், அதே தண்ணீர் சுழன்றபடி படகின் வலப்புற உடம்பில் ஏறி மோதுகிறது. இடப்புறம் போவதோ அடியில் நழுவிவிடுகிறது. பின்பாகம் இடப்பக்கம் நகர்கிறது. சுக்கானை எப்படித் திருப்பினாலும், வேகம் பிடிக்கும்வரை அது கேட்காது.

இது படகின் கோளாறு என்று நினைப்பவர் படகோடு சண்டை போடுவார். தெரிந்தவர் இதையே வேலைக்கு வைத்துக்கொள்வார். வலச்சுற்றுப் புரொப்பெல்லர் உள்ள படகை இடப்பக்கம் சுவரில் அணைப்பது சுலபம்: அணியத்தைச் சற்றுச் சாய்வாக நீட்டி மெதுவாக வந்து, ஒரு தரம் ரிவர்ஸ் கொடுத்தால் படகு நிற்கும், பின்பாகம் தானே சுவரை ஒட்டும். குறுகிய இடத்தில் திரும்புவதென்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சுக்கானை முழுக்க வலப்பக்கம் வைத்துவிட்டு, முன்னால் ஒரு உந்து, பின்னால் ஒரு இழு. நின்ற இடத்திலேயே படகு சுழலும். இடப்பக்கம் திரும்ப முயன்றால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

வெளிப்புற மோட்டார் செய்பவர்களும் இதை ஒழித்துவிடவில்லை. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டின் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு சின்ன வால் இருக்கும். அதைச் சற்றுத் திருப்பி வைத்தால் கையில் விழும் இழுப்பு குறையும்.

புரொப்பெல்லர் மாற்றும்போது குடத்தில் பொறித்திருக்கும் எண்களைப் பலரும் பார்ப்பார்கள்: விட்டம், பிட்ச். பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஆர்’ அல்லது ‘எல்’ என்று ஓர் எழுத்தும் இருக்கும். சுற்று வலமா இடமா என்று சொல்வது அதுதான். வாங்கிய படகில் அது தெரியவில்லையென்றால், கரையில் கட்டியிருக்கும்போதே ரிவர்ஸ் போட்டு நுரை எந்தப் பக்கம் பொங்குகிறது என்று பார்க்கலாம். வலப்பக்கம் பொங்கினால், பின்பாகம் இடப்பக்கம் போகும்.