விளம்பரச் செலவு ரூ. 600

போன வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் 3,500 ரூபாய் கொடுத்து, 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தோட ஒரிஜினல் போஸ்டர் ஒண்ணை ஆன்லைன்ல வாங்கினேன். தொப்பியும் சாட்டையுமா இண்டியானா ஜோன்ஸ் நிக்கிற அதே படம். சுருட்டி வந்த தாளை விரிச்சா, குறுக்கும் நெடுக்குமா மடிப்புக் கோடுகள். "பழசு மச்சி, அப்பல்லாம் மடிச்சுத்தான் அனுப்புவாங்க"ன்னு ரூம்மேட்கிட்ட அளந்து விட்டேன். அவன் விரலால தடவிப் பார்த்துட்டு, "மடிப்பே இல்லியேடா, கோட்டையும் சேர்த்துல்ல பிரிண்ட் அடிச்சிருக்கான்" என்றான்.

ஆமாம் மக்களே. எவனோ ஒரு பழைய போஸ்டரை மடிப்போட ஸ்கேன் பண்ணி அடிச்சு, என் தலையில கட்டிட்டான்.

அந்தக் கடுப்பில்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் ஒண்ணு உறைச்சது. நிஜமான பழைய போஸ்டரே ஆயிரக்கணக்கில் அச்சடிச்சதில் ஒண்ணுதானே? அசல்னா அது ஓவியர் கையால் வரைஞ்சது மட்டும்தான். அது உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணு. லென்ஸ் வெச்சுப் பார்த்தா போஸ்டர் முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கும். ஓவியத்தில் புள்ளி இருக்காது, கை ஓடின தடம்தான் இருக்கும்.

'ரெய்டர்ஸ்' போஸ்டரை வரைஞ்சவர் ரிச்சர்ட் ஆம்செல். 'ஹலோ டாலி' (1969) பட போஸ்டருக்கு நடந்த போட்டியில் ஜெயிச்சப்போ அவர் நம்மளை மாதிரி காலேஜ் ஸ்டூடன்ட். 1985-ல், 37 வயசிலேயே போய்ச் சேர்ந்துட்டார். இண்டியானா ஜோன்ஸின் 'லாஸ்ட் க்ரூசேட்' (1989) போஸ்டர் ட்ரூ ஸ்ட்ரூஸன் வரைஞ்சது. போர்டு மேல ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் அடிச்சு, அதுக்கு மேல கலர் பென்சிலால இழைப்பார். அவரும் 2025 அக்டோபரில் காலமானார்.

இவங்க ஓவியங்களோட விலையெல்லாம் நமக்கு எட்டாத உயரம். அதனால கையில் காசு கம்மியா உள்ள சேகரிப்பாளர்கள் 'காம்ப்' தேடுவாங்க. பெரிய ஓவியத்துக்கு முன்னாடி, இப்படி வந்தா சரியான்னு காட்ட ஓவியர் போடுற சின்ன மாதிரிப் படம்தான் காம்ப்.

என்னைத் தூங்க விடாதது 'ஜாஸ்' (1975) கதை. நீந்துற பொண்ணுக்குக் கீழ வாயைப் பிளந்துக்கிட்டு மேல வர்ற அந்தச் சுறாவை ரோஜர் காஸ்டெல் முதல்ல புத்தக அட்டைக்காகத்தான் வரைஞ்சார். அப்புறம் அதுவே படத்துக்கும் போஸ்டர் ஆச்சு. போஸ்டருக்காக ஹாலிவுட் போன ஓவியம் திரும்பி வரவே இல்லை. 2023-ல் காஸ்டெல் சாகிற வரைக்கும் அது கிடைக்கலை.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்தக் காலத்து அமெரிக்க போஸ்டர்களின் அடி ஓரத்தில், படம் ஓடி முடிஞ்சதும் உடனே திருப்பித் தரணும்னு பொடி எழுத்தில் அச்சடிச்சிருக்கும். அச்சடிச்ச தாளுக்கு இருந்த அந்த விதி, கையால் வரைஞ்ச ஓவியத்துக்கு உதவலை.

ஏன் இப்படித் தொலையுது? காமர்ஸ் படிக்கிறவனுக்கு பதில் பாடப்புத்தகத்திலேயே இருக்கு. விளம்பரம் வருவாய்ச் செலவு. அந்த வருஷ இலாப நட்டக் கணக்கோட அது முடிஞ்சு போச்சு. இருப்புநிலைக் குறிப்பில் சொத்தா வராத பொருளை, அடுத்த வருஷம் எங்கேன்னு கேட்க யாரும் இல்லை.

இவ்வளவும் படிச்சுட்டு அந்த ஹாலிவுட்காரங்களை நல்லா திட்டினேன். அப்புறம்தான் எங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன் நோட்டு ஞாபகம் வந்தது.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க விழாவுக்கு ரூம்மேட்தான் போஸ்டர் வரைஞ்சான். முழு சார்ட்டில் போஸ்டர் கலர், பாய்மரக் கப்பல், புயல். மூணு ராத்திரி தூங்கலை. ஸ்கேன் பண்ணி ஃப்ளெக்ஸ் அடிச்சோம், எல்லாரும் ஃப்ளெக்ஸ் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. பொருளாளர் நான். நோட்டை எடுத்துப் புரட்டினேன். 'விளம்பரச் செலவு ரூ. 600'. நாலு பக்கம் தள்ளி, 'பழைய பேப்பர் விற்ற வரவு ரூ. 84'. ரெண்டும் என் கையெழுத்து. பீரோவைக் காலி பண்ணப்போ பழைய கொஸ்டின் பேப்பரோட கப்பலும் எடைக்குப் போயிருக்கு. தராசில் வெச்சதே நான்தான்.

அன்னிக்கு ராத்திரியே அவன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "எனக்கு அப்பவே தெரியும்டா. கேட்டா உனக்கு ஒரு மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான். 3,500 ரூபாய் ஏமாந்தப்போ கூட எனக்கு அப்படி வலிக்கலை.

மறுநாள் அவனோட பழைய காஸ்ட் அக்கவுன்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுக் கொடுத்தான். பென்சிலில் அந்தக் கப்பல், உள்ளங்கை அளவுதான். பக்கத்தில் எந்த இடத்துக்கு எந்தக் கலர்னு குறிப்பு. வரைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போட்ட காம்ப்.

இப்போதைக்கு என் சேகரிப்பில் இருக்கிறது அது ஒண்ணுதான். கேட்டு, அவன் கையெழுத்தும் தேதியும் வாங்கி வெச்சிருக்கேன். அசோசியேஷன் பொறுப்பை ஜூனியர்கிட்ட ஒப்படைச்சப்போ நோட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'போஸ்டர் வரைபவரிடம் அசல் திருப்பித் தரப்பட வேண்டும்.'

பொடி எழுத்தில் இல்லை. கொட்டை எழுத்தில்.