பெற்றோர் என்ற சொல்

ஃபேர்லேண்ட்ஸில் ஸ்டேஷனரி கடைகளில் 'என் குடும்பம்' என்றொரு சுவர்ப்படம் விற்கிறது. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். அறுபதுகளின் இறுதியில் சிவப்பு முக்கோணத்தோடு சுவர்களில் ஏறிய அதே நான்கு முகங்கள். பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளும்படி பெரியவர்களிடம் செய்யப்பட்ட பிரசாரம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடமாகிவிட்டது. சர்க்காரின் சிபாரிசு, குழந்தையிடம் இயற்கையின் நியதியாகப் போய்ச் சேர்கிறது.

இதற்குப் பரிகாரமாகப் படத்தில் மேலும் சில கட்டங்களைச் சேர்க்கலாம் என்கிறார்கள் - தாய் மட்டும் உள்ள வீடு, பாட்டி வளர்க்கும் வீடு, தத்தெடுத்த வீடு. நல்ல காரியம்தான். ஆனால் முதல் கட்டம் இயல்பு, மற்றவை விதிவிலக்கு என்ற எண்ணம் அப்படியே இருக்கும். யாப்பு வகைகளை மனப்பாடம் செய்தவன் கவிதையை வாசித்துவிட்டான் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லையே. சிக்கல் வாசிப்பில்தான்.

என் உத்தியோகத்தோடு ஒட்டிய ஒரு உதாரணம். 1984-ல் கீதா ஹரிஹரன் - கோவையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியர் - மகன் பெயரில் 9 சதவீத ரிலீஃப் பத்திரங்கள் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தந்தை கையெழுத்திட வேண்டும், அல்லது அவரே காப்பாளர் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது. 1956-ஆம் வருஷத்துச் சட்டம், தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யவில்லை. 'பின்' என்ற சொல்லை வேறுவிதமாக வாசித்தது. தந்தையின் ஆயுளுக்குப் பின் என்றல்ல, அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் என்று. விமர்சகனின் வேலை. தந்தை முதலில் நிற்பது மட்டும் மாறவில்லை.

குழந்தைகளுக்கு நாம் தந்திருக்கும் சொல் 'பெற்றோர்'. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் பெண் ஒருநாள் தன் சிநேகிதனைப் பற்றிக் கேட்டாள்: "அவனை அவங்க அம்மா பெறலையாம்ப்பா. அப்ப அவங்க யாரு?" பெரியவர்கள் யாரோ தணிந்த குரலில் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

'பெறு' என்றால் ஈனுவது மட்டுமல்ல, அடைவதும்தான். பரிசு பெறுகிறோம், அனுமதி பெறுகிறோம். என் கவுண்டரில் ஜனங்கள் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். "அவங்களும் பெத்தவங்கதான். வயித்திலேர்ந்து வந்தாலும் பெத்ததுதான், வாசல் வழியா வந்தாலும் பெத்ததுதான்" என்றேன். அவள் விளையாடப் போய்விட்டாள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களுக்குத்தான் சங்கடம்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இதே சேலம் மாவட்டத்தில். அன்று தொட்டிலில் இடப்பட்டவர்களுக்கு இன்று ஏறக்குறைய என் வயது. அவர்களில் சிலர் இப்போது தம் குழந்தைகளின் பள்ளிப் படிவத்தில், பெற்றோர் என்ற இடத்தில், கையெழுத்திட்டுக் கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ள வழியில்லாமல் விட்டுப்போனவளையும் அந்தச் சொல்லிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அவளும் பெற்றவள்தான். இருவருக்கும் அதில் இடம் இருக்கிறது என்பதை ஆறு வயதில் சொல்லிவிடலாம். அறுபதில் சொன்னால் ஏறுவதில்லை.